பேராசை யாருடையது?

2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஹுவான் ஸோட்டோ என்னும் இருபத்தாறு வயது ஆட்டக்காரர், அமெரிக்காவிலுள்ள நியூயார்க் மெட்ஸ் என்ற பேஸ்பால் கழகத்துடன் 15 வருஷத்துக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒப்பந்தத் தொகை 76 கோடியே 50 லட்சம் டாலர். செய்தி வெளியானதுதான் தாமதம், தர்மோபதேசம் தொடங்கிவிட்டது. ஒரு கட்டையைக் கொண்டு ஒரு பந்தை அடிப்பதற்கு இவ்வளவு கூலியா? பள்ளிக்கூட உபாத்தியாயர் என்ன பாவம் செய்தார்? நோயாளிக்குப் பணிவிடை செய்யும் தாதி என்ன பாவம் செய்தாள்? இந்தப் பேராசைக்கு எல்லையே கிடையாதா? விளையாட்டு வீரர் ஒருவருக்குப் பெருந்தொகை கிடைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விகள் எழுவது வழக்கமாகிவிட்டது.

இவற்றைக் கேட்பவர்களிடம் நமக்குப் பகைமை இல்லை. ஒரு மனிதர் தம் ஆயுள் முழுவதும் முயன்றாலும் செலவழிக்க முடியாத பொருளை ஒரு கையெழுத்தினால் பெறுவதும், அதே நகரத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பலர் படுத்துறங்குவதும் ஒழுங்கான சமுதாயத்தின் லக்ஷணங்கள் அல்ல. இதை ஒப்புக்கொண்டுதான் நாம் மேலே செல்கிறோம். ஆனால் பேராசை என்பது ஒரு குற்றச்சாட்டு. குற்றம் சாட்டுவோர் எல்லோருக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்க வேண்டும். ஸோட்டோவுக்குச் சம்பளம் கொடுக்கும் கழகத்தை அதன் சொந்தக்காரர் 2020-இல் சுமார் 240 கோடி டாலருக்கு வாங்கினார். அவர் பிறருடைய மூலதனத்தை நிர்வகிக்கும் தொழிலில் பொருள் ஈட்டியவர். அந்த 240 கோடி எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு நியாயம் என்ற கேள்வி இத்தனை உரக்க எழுந்ததா? கூலி வாங்கியவர்மீது பாய்கிற கோபம், கூலி கொடுக்கும் வல்லமை படைத்தவர்மீது ஏன் பாய்வதில்லை? இந்த விசித்திரத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

ஆட்டக்காரன் சொத்தாக இருந்த காலம்

பேஸ்பால் நம் ஜனங்கள் அறிந்த கிரிக்கெட்டுக்குத் தாயாதி முறையான ஆட்டம். அமெரிக்கர்களுக்கு அது தேசிய விளையாட்டு. 1876-இல் அவ்வாட்டத்துக்கு நிலையான முதலாளிச் சங்கம் ஒன்று ஏற்பட்டது. மூன்று வருஷம் கழித்து, 1879-இல், கழகச் சொந்தக்காரர்கள் ஓர் இரகசிய ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு கழகமும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். மற்றக் கழகங்கள் அவர்களை அழைக்கக் கூடாது என்பதே அது. பிறகு இந்த ஐவர் என்ற எண்ணிக்கை வளர்ந்து, எல்லா ஆட்டக்காரர்களும் அதற்குள் அடங்கினார்கள். ஒப்பந்தத்தின் தவணை முடிந்தாலும் ஆட்டக்காரனுக்கு விடுதலை இல்லை. அவனை வைத்துக்கொள்ளவோ, விற்கவோ, வேறு ஒருவனுக்கு மாற்றாகக் கொடுக்கவோ முதலாளிக்கு உரிமை உண்டு. ஆட்டக்காரனுக்கு இருந்த ஒரே உரிமை, ஆட்டத்தையே விட்டுவிட்டு வேறு தொழில் தேடிக்கொள்வதுதான்.

இதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர் ஜான் மான்ட்கோமரி வார்ட். அவர் பெயர் பெற்ற ஆட்டக்காரர். ஆடிக்கொண்டே கொலம்பியா கலாசாலையில் சட்டம் படித்துத் தேறியவர். 1885-இல் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார். பேஸ்பால் ஆட்டக்காரன் என்ன விற்பனைப் பண்டமா என்று கேட்டு 1887-இல் ஒரு மாதப் பத்திரிகையில் கட்டுரை வெளியிட்டார். 1890-இல் ஆட்டக்காரர்களே பங்கு கொண்ட போட்டிச் சங்கம் ஒன்றையும் நடத்திப் பார்த்தார். அது ஒரே வருஷத்தில் கலைந்தது. முதலாளிகளின் கட்டு முன்னிலும் இறுகியது.

சட்டமாவது உதவிற்றா? தொழில்துறையில் ஏகபோகத்தைத் தடுப்பதற்கென்று அமெரிக்கர்கள் 1890-இல் ஒரு சட்டம் இயற்றியிருந்தார்கள். அதன் கீழ் வந்த வழக்கில் 1922-இல் தேசத்தின் சுப்ரீம் கோர்ட், நியாயாதிபதி ஹோம்ஸ் வாயிலாக ஒரு தீர்ப்பளித்தது. மாகாணம் விட்டு மாகாணம் சென்று, டிக்கட் விற்றுப் பணம் வசூலித்து நடத்தப்படும் இந்த ஆட்டம், மாகாணங்களுக்கிடையேயான வியாபாரம் ஆகாது என்பது அதன் சாரம். ஹோம்ஸ் பேரறிஞர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்தீர்ப்பைப் படிக்கும் எந்த வக்கீலும் புன்னகை செய்யாமல் இருக்க முடியாது. 1953-இல் அதே கோர்ட் அத்தீர்ப்பை மறுபடியும் உறுதி செய்தது.

இந்த நிலைமையிலுங்கூட ஆட்டக்காரர்கள்மீது பேராசைப் பழி சுமத்தப்பட்டது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 1930-இல் பேப் ரூத் என்ற மகா வீரருக்கு 80,000 டாலர் சம்பளம் கொடுக்கப்பட்டது. தேசத்தின் ஜனாதிபதிக்கு 75,000 டாலர்தானே என்று ஒப்பிட்டுப் பேசாதவர் இல்லை. ரூத் ஆட வருகிறார் என்றால் மைதானம் நிரம்பும். அவ்வாறு நிரம்பிய பணத்தில் எஞ்சியது எங்கே போயிற்று என்று பேசியவர் மிகச் சிலர். விலை பேசி வேறு இடம் போகும் சுதந்திரமே இல்லாத ஒருவரைப் பார்த்து, அதிக விலை கேட்கிறார் என்று உலகம் குறை கூறியது!

ஃப்ளட் தொடுத்த வழக்கு

1969-இல் செயின்ட் லூயிஸ் நகரக் கழகம் கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பினத்தைச் சேர்ந்த ஆட்டக்காரரைப் பிலடெல்பியா கழகத்துக்கு மாற்றிக் கொடுத்தது. பன்னிரண்டு வருஷம் அந்நகரத்திலேயே ஆடி, அங்கேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர் அவர். அவரை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவ்வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அவர் ஆட்டத்தின் தலைமை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஒரு சொத்து அல்லவென்று அதில் தெரிவித்தார். பிறகு கோர்ட்டுக்குச் சென்றார்.

அப்போது ஃப்ளட்டின் சம்பளம் வருஷத்துக்கு 90,000 டாலர். ஆகவே, 'இவ்வளவு வாங்குகிறவருக்கு என்ன குறை?' என்ற கேள்வி உடனே பிறந்தது. நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்று தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் பதில் சொன்னார். இந்தப் பதிலில் அடங்கிய நியாயத்தை நம் தேசத்தவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அன்னிய ஆட்சியில் ரயிலும் தந்தியும் கிடைத்தனவே, உங்களுக்கு என்ன குறை என்று கேட்டவர்களுக்கு நாம் என்ன பதில் சொன்னோமோ, அதே பதில்தான் இது.

விசாரணையில் அவருக்காகச் சாட்சி சொன்னவர்களில் ஜாக்கி ராபின்ஸன் ஒருவர். நிறபேதக் கட்டை உடைத்துக்கொண்டு 1947-இல் பெரிய கழகம் ஒன்றில் ஆட வந்தவர் அவர். ஆனால், அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவரும் அந்த நியாயஸ்தலத்தின் வாயிலில் வந்து நிற்கவில்லை. முதலாளிகளின் கோபத்துக்கு அவ்வளவு பயம். 1972 ஜூன் மாதத்தில் சுப்ரீம் கோர்ட் ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பழைய தீர்ப்பு முறையற்ற விதிவிலக்கு என்பதை ஏறக்குறைய ஒப்புக்கொண்டே, அதை மாற்றுவது சட்டசபையின் பொறுப்பு என்று கோர்ட் கை கழுவியது. வழக்கு நடந்த காலத்தில் ஒரு வருஷம் முழுவதும் ஃப்ளட் ஆடவில்லை. பின்னர் 13 ஆட்டங்களோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அவர் கேட்ட நீதியில் ஒரு பகுதியை அமெரிக்கச் சட்டசபை 1998-இல் அவர் பெயராலேயே சட்டமாக்கியது. அவரோ 1997-இலேயே காலமாகிவிட்டார்.

கோர்ட்டில் கிடைக்காதது சங்கத்தினால் கிடைத்தது. உருக்காலைத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார நிபுணராக இருந்த மார்வின் மில்லர் 1966-இல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அந்நாளில் குறைந்த பக்ஷச் சம்பளம் 6,000 டாலர். அவருடைய முயற்சியால் தகராறுகளை மத்தியஸ்தரிடம் விடும் முறை ஏற்பட்டது. 1975 டிசம்பரில் பீட்டர் ஸைட்ஸ் என்ற மத்தியஸ்தர், மெஸ்ஸர்ஸ்மித், மக்னாலி என்ற இரு ஆட்டக்காரர்களின் விஷயத்தில் தீர்ப்புக் கூறினார். முதலாளி ஒரு வருஷம் மட்டுமே பிடித்து வைக்கலாம்; என்றென்றைக்குமாகப் பிடித்து வைக்க ஒப்பந்தம் இடந்தரவில்லை என்றார் அவர். முதலாளிகள் முதல் காரியமாக அந்த மத்தியஸ்தரை வேலையிலிருந்து நீக்கினார்கள்!

இனி ஆட்டமே அழிந்துவிடும் என்று அன்று முதலாளிகள் ஓலமிட்டார்கள். நடந்தது என்ன? 1975-இல் பெரிய கழகங்களின் ஆட்டங்களைக் காண மைதானத்துக்கு வந்தவர்கள் சுமார் 3 கோடிப் பேர். 1980-இல் வந்தவர்கள் 4 கோடியே 30 லட்சம் பேர். சராசரிச் சம்பளம் 1967-இல் 19,000 டாலராக இருந்தது. 2025-ஆம் வருஷத் தொடக்கத்தில் 50 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆட்டக்காரர்களின் ஆசை இவ்வளவு காலத்தில் இத்தனை மடங்கு பெருகிவிட்டதா? மனித சுபாவம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. ஆட்டத்தின் வருமானம் பெருகியது. அதில் ஒரு பங்கைக் கேட்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. இவ்வளவுதான் விஷயம்.

ஒரே ஊரில் இரண்டு கணக்கு

ஒருதலைக் கோபத்துக்குச் சிறந்த உதாரணம் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஆர்லிங்டன் என்ற ஊரில் கிடைக்கிறது. அங்கே டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் என்ற கழகம் இருக்கிறது. 1989-இல் அதைச் சில பணக்காரர்கள் சேர்ந்து 9 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவான விலைக்கு வாங்கினார்கள். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அவர்களில் ஒருவர். அவர் போட்ட முதல் சுமார் 6 லட்சம் டாலர். அதிலும் பெரும் பகுதி கடன் வாங்கியது.

வாங்கியவர்கள் புதிய மைதானம் வேண்டும் என்றார்கள். 1991 ஜனவரியில் ஊர் ஜனங்களின் வாக்கெடுத்து, விற்பனை வரியை டாலருக்கு அரை சென்ட் உயர்த்தினார்கள். மைதானச் செலவில் 13 கோடியே 50 லட்சம் டாலர் இவ்வரியின் மூலம் வந்தது. ரொட்டி வாங்கிய ஏழையும், குழந்தைக்குச் சட்டை வாங்கிய தாயும் கொடுத்த வரி அது. நிலம் போதாமல், உரியவர்கள் விரும்பாத இடங்களைக்கூடச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டு எடுத்துக்கொண்டார்கள். அவ்வாறு நிலம் இழந்த ஒரு குடும்பம் கோர்ட்டுக்குப் போயிற்று. கொடுத்த விலை போதாதென்று ஜூரிகள் கருதி, மேலும் பல லட்சம் டாலர் கொடுக்கும்படி தீர்மானித்தார்கள். 1994-இல் மைதானம் திறக்கப்பட்டது. 1998-இல் கழகம் 25 கோடி டாலருக்குக் கைமாறியது. புஷ்ஷின் பங்குக்குக் கிடைத்தது ஒன்றரைக் கோடி டாலரை ஒட்டிய தொகை.

இதெல்லாம் சட்டப்படி நடந்தது, ஒளிமறைவின்றி நடந்தது. பத்திரிகைகளும் பிற்பாடு எழுதத்தான் செய்தன. ஆனால் ஊர் கொந்தளித்ததா? பேராசை, பேராசை என்ற கூக்குரல் திசையெட்டும் பரவியதா? அதை வியாபார சாமர்த்தியம் என்று மெச்சியவர்களே மிகுதி.

இரண்டு வருஷம் சென்றது. 2000 டிசம்பரில் அதே கழகத்தின் புதிய சொந்தக்காரர் அலெக்ஸ் ராட்ரிகஸ் என்ற ஆட்டக்காரருக்கு 10 வருஷத்துக்கு 25 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார். கழகத்தை வாங்கிய விலையைவிட இருபது லட்சம் டாலர் அதிகம்! அப்போதுதான் கூக்குரல் கிளம்பியது. அந்த ஆட்டக்காரர் பேராசையின் திருவுருவமாகச் சித்திரிக்கப்பட்டார். பின்னாளில் அவர் ஊக்க மருந்து உட்கொண்டதை ஒப்புக்கொண்டதும், 2014 முழுவதும் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டதும் உண்மை. அவருக்கு வக்காலத்து வாங்குவது நம் நோக்கமன்று. ஆனால் 2000-இல் அவர்மீது விழுந்த பழி அதற்காக அன்று. கொடுக்க முன்வந்த பணத்தை வாங்கிக்கொண்டதற்காகவே விழுந்தது.

அந்தச் சம்பளமே கழகத்தை அழித்துவிட்டது என்று சொல்வாரும் உண்டு. கணக்கைப் பார்ப்போம். 2004-இலேயே அவர் நியூயார்க்குக்கு மாற்றப்பட்டார். சொந்தக்காரரின் கம்பெனி 50 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனில் தவணை தவறியது 2009-இல். 2010-இல் கழகம் இன்ஸால்வென்ஸி மனுப் போட்டபோது, ஈடில்லாத கடன்காரர்களின் ஜாபிதாவில் முதல் பெயர் ராட்ரிகஸ்தான்; அவருக்குச் சேர வேண்டிய பாக்கி சுமார் 2 கோடியே 50 லட்சம் டாலர். திவாலான அக்கழகம் ஏலத்தில் போன விலையோ, கடன் பொறுப்புகள் உள்பட, 59 கோடி டாலருக்கு மேல்! பின்னர் 2016-இல் அவ்வூர் ஜனங்கள் இன்னொரு புதிய மைதானத்துக்காக 50 கோடி டாலர் வரையில் பொதுப்பணம் கொடுக்க வாக்களித்தார்கள். 1994-இல் திறந்த மைதானம் 26 வருஷத்தில் கழகத்துக்குப் பழையதாகிவிட்டது. 2020-இல் புதியது வந்துவிட்டது.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

ஜனங்களின் கண் ஏன் ஒன்றைக் காண்கிறது, மற்றொன்றைக் காண்பதில்லை? முதற்காரணம், ஆட்டக்காரனின் சம்பளம் பெயரோடும் எண்ணோடும் பத்திரிகையில் வருகிறது. கழகத்தின் வரவு செலவோ பெரும்பாலும் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. முப்பது பெரிய கழகங்களில், பங்குச் சந்தையில் ஏறிய கம்பெனிகளின் கையிலுள்ள ஒன்றிரண்டின் கணக்குகளே பொதுஜனங்களின் பார்வைக்கு வருகின்றன. தெரிந்ததைப் பற்றி ஏசுவது எளிது. தெரியாததைப் பற்றி ஏசுவதற்கு முதலில் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. முதலீட்டின்மீது வரும் லாபத்தை இயற்கையாகவும், உடல் உழைப்பின்மீது வரும் கூலியைத் தயவாகவும் கருதப் பல தலைமுறைகளாக ஜனங்கள் பழகியிருக்கிறார்கள். வட்டி ஏறினால் அது சந்தை நிலவரம். கூலி ஏறினால் அது பேராசை. கூலி பெறுபவன் ஏழைக் குடியிலோ, கறுப்பினத்திலோ, ஸோட்டோவைப் போல் டொமினிகன் குடியரசு முதலான சிறு தேசத்திலோ பிறந்தவனாக இருந்தால், அவனுக்கு இவ்வளவா என்ற வியப்புக்குள் வேறொரு எண்ணமும் கலந்துவிடுகிறது. அதை வெளிப்படையாகச் சொல்பவர் சிலரே.

1985 முதல் 1987 வரை மூன்று வருஷம், பிற கழகத்து ஆட்டக்காரர்களை விலைக்குக் கேட்பதில்லை என்று முதலாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசிச் செயலாற்றினார்கள். ஒப்பந்தத்தை மீறிய சூழ்ச்சி என்று மத்தியஸ்தர்கள் தீர்மானித்தார்கள். 1990-இல் 28 கோடி டாலர் நஷ்டஈடு கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள். இதற்குப் பெயர் பேராசை அல்லவா? 1994 ஆகஸ்டில், சம்பளங்களுக்கு உச்ச வரம்பு கட்ட முதலாளிகள் முயன்றபோது ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1904-க்குப் பின் முதல் தடவையாக வருஷக் கடைசிப் பந்தயம் நடைபெறவில்லை. கோடீசுவரர்கள் வேலைநிறுத்தம் செய்வதா என்று ஜனங்கள் ஏளனம் செய்தார்கள். 1995 மார்ச் கடைசி நாளன்று ஸோனியா ஸோட்டோமேயர் என்ற நியாயாதிபதி, தொழிலாளர் சட்டத்தின்படி நேர்மையாகப் பேரம் பேசும் கடமையில் தவறியது முதலாளிகள் தரப்பே என்று கண்டு தடையுத்தரவு போட்டார். அவர் பிற்காலத்தில் சுப்ரீம் கோர்ட்டில் அமர்ந்தார். அவருடைய உத்தரவு வந்த பிறகும், ஏளனம் செய்தவர்களில் எத்தனை பேர் தம் வார்த்தையைத் திருத்திக்கொண்டார்கள்?

இவற்றையெல்லாம்விட நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. பெரிய கழகங்களின் கீழ், பயிற்சி நிலையிலுள்ள சிறு கழகங்களில் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் ஆடுகிறார்கள். 2022 வரையில், கீழ்ப்படியிலுள்ள ஒருவருக்கு வருஷத்துக்குக் கிடைத்தது 11,000 டாலர்தான். பயிற்சிப் பிரிவில் இருந்தவருக்கு 5,000 டாலர்கூட இல்லை. குறைந்த பக்ஷக் கூலிச் சட்டத்தை மீறுகிறார்கள் என்று 2014-இல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். முதலாளிகள் என்ன செய்தார்கள்? 2018 மார்ச்சில், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட செலவு மசோதாவின் நடுவே ஒரு சிறு பகுதியைச் சேர்க்கச் செய்து, இந்த வாலிபர்களை மத்திய அரசாங்கத்தின் கூலிச் சட்டப் பாதுகாப்பிலிருந்து பெரிதும் விலக்கிவிட்டார்கள். தேசிய விளையாட்டைக் காப்பாற்றும் சட்டம் என்று அதற்கு நாமகரணமும் செய்தார்கள்! வழக்கு 2022-இல் 18 கோடியே 50 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. 2023-இல் அவ்வாலிபர்களுக்கென்று ஏற்பட்ட முதல் சங்க ஒப்பந்தம் 11,000 டாலரை 26,200 டாலராக உயர்த்தியது. ஸோட்டோவின் ஒப்பந்தத்தைக் கேட்டுத் துடித்த தர்மாவேசம், 2018-இல் எங்கே உறங்கிக்கொண்டிருந்தது?

உபாத்தியாயரின் பெயரால்

உபாத்தியாயரின் சம்பளம் குறைவு என்பது முற்றிலும் உண்மை. ஆனால் அது சர்க்கார் கஜானாவிலிருந்து, சட்டசபை தீர்மானிக்கிறபடி வருவது. ஆட்டக்காரனின் சம்பளம் டிக்கட் விற்பனையிலிருந்தும் தொலைக்காட்சிக் கம்பெனிகள் கொடுக்கும் பணத்திலிருந்தும் வருவது. இதில் ஒரு கோடியைக் குறைத்தால் அதில் ஒரு காசும் ஏறாது. அந்தக் கோடி கழகச் சொந்தக்காரரிடமே தங்கிவிடும். ரூத் காலத்திலும் ஃப்ளட் காலத்திலும் அவ்வாறுதான் தங்கிற்று. அக்காலத்தில் உபாத்தியாயர்கள் அதனால் செல்வந்தர் ஆகவில்லை.

சம்பளம் குறைந்தால் டிக்கட் விலை குறையும் என்பது மற்றொரு வாதம். அமெரிக்கக் கலாசாலைகளில் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடும் மாணவர்களுக்குப் பல காலமாகக் கூலி என்று எதுவும் கொடுக்கப்படவில்லை. படிப்புச் செலவோடு சரி. கலாசாலைகள் நேரே பணம் கொடுக்க அனுமதிக்கும் சமரசம் 2025-இல்தான் வந்தது. அதற்காக அவ்வாட்டங்களுக்கு டிக்கட் மலிவாகக் கிடைத்ததா? இல்லை. பல மாகாணங்களில் சர்க்கார் ஊழியர்கள் அனைவரிலும் மிகப் பெரிய சம்பளம் வாங்குபவர், கவர்னர் அல்லர், கலாசாலை ஆட்டப் பயிற்சியாளரே! ஆடுகிறவனுக்குக் கொடுக்காமல் விட்ட பணம், ஆட்டுவிக்கிறவனிடம் போய்ச் சேர்ந்தது.

உபாத்தியாயரிடம் மெய்யான அக்கறை இருந்தால் அதற்கு வழி வரி. 1950-களில் அமெரிக்காவில் மிக உயர்ந்த வருமானப் படிக்கு வரி விகிதம் நூற்றுக்கு 91. இப்போது 37. அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆட்டக்காரன் தன் சம்பளத்தின்மீது வரி கட்டுகிறான். கழகத்தை வாங்கியவரோ, வாங்கும்போது உடன் வந்த ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களைத் தேய்மானமுள்ள யந்திரங்களைப் போலக் கணக்கெழுதி, 15 வருஷத்தில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2004-இல் இச்சலுகை கழகத்தின் விலை முழுவதற்குமே ஏறக்குறைய விரிந்தது. தான் சொத்தல்ல என்று ஃப்ளட் கதறினார். வரிச் சட்டத்தின் ஏட்டில் ஆட்டக்காரன் இன்னமும் சொத்தாகவே எழுதப்படுகிறான்.

இதே அளவுகோலை ஆட்டக்காரர்களுக்கும் பிடிக்க நாம் தயங்கவில்லை. 2023-இல் ஷோஹெய் ஓட்டானி என்ற ஜப்பானிய வீரர் லாஸ் ஏஞ்சல்ஸ் கழகத்துடன் செய்துகொண்ட 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில், 68 கோடியை 2034 முதல் பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. அப்போது அவர் வேறு மாகாணத்திலோ ஜப்பானிலோ குடியிருந்தால் கலிபோர்னியா மாகாணத்துக்கு வர வேண்டிய வரி வராமல் போகலாம். அம்மாகாணத்தின் கணக்கதிகாரி இதைக் கண்டித்து, சட்டத்தைத் திருத்தும்படி 2024-இல் கேட்டுக்கொண்டார். அந்தக் கண்டனம் நியாயமானது. வாங்குகிறார் என்று ஏசுவதை விடுத்து, வாங்குவதில் பொதுஜனங்களுக்குச் சேர வேண்டிய பங்கைக் கேட்கிறதல்லவா அது?

நம் தேசத்துக் கணக்கு

இது அமெரிக்க விவகாரம் என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். 2008 முதல் நம் நாட்டிலும் ஐ.பி.எல். என்ற பெயரால் கிரிக்கெட் வீரர்கள் வருஷந்தோறும் ஏலம் போகிறார்கள். 2024 நவம்பரில் ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்கு ஏலம் போனபோது, நமது வீதிகளிலும் அதே தர்மோபதேசம் கேட்டது. ஸ்ரீ பந்த் விலையைத் தாம் கூறவில்லை. எந்த ஊருக்கு ஆடுவது என்று முடிவு செய்யும் உரிமையும் ஏலத்தில் நிற்பவருக்கு இல்லை. கூறியவர்கள் முதலாளிகள், ஏசப்பட்டவர் அவர்.

2023 முதல் 2027 வரை ஐந்து வருஷத்துக்கு இப்பந்தயங்களை ஒளிபரப்பும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. வருஷத்துக்குச் சராசரி 9,678 கோடி. ஒரு கழகம் 2025-இல் ஆட்டக்காரர்களுக்காக, ஆட்டப்படி உள்பட, செலவிடக்கூடிய உச்ச வரம்பு 146 கோடி. பத்துக் கழகங்களும் வரம்பு முழுவதையும் செலவிட்டால் 1,460 கோடி. ஒளிபரப்பு வருமானம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஆட்டக்காரர்களுக்குப் போவது நூற்றுக்குப் பதினைந்து! அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தில், ஆட்ட வருமானத்தில் ஏறக்குறையப் பாதி ஆட்டக்காரர்களுக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அங்கே ஆட்டக்காரர்களுக்குப் பேரம் பேசும் சங்கம் உண்டு. இங்கே அத்தகைய பலம் வாய்ந்த சங்கம் இல்லை. 27 கோடியைக் கண்டு வியந்தவர்கள், எஞ்சிய எண்பத்தைந்து பங்கைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.

செல்வத்தைக் கண்டு வாய் மூடியிருக்கும்படி நாம் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. கோபம் வேண்டும், அதைத் தக்க இடத்தில் செலுத்த வேண்டும். பொதுப்பணத்தில் மைதானம் கட்டினால் அதன் லாபத்தில் பொதுஜனங்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்போம். கணக்குகளை வெளியிடுங்கள் என்று கேட்போம். கடைசி வரிசையில் ஆடும் வாலிபனுக்கு வயிறு நிறையும் கூலி உண்டா என்று கேட்போம். முதல் வரிசையில் ஆடுபவரும், அவரை ஆட வைப்பவரும் ஒரே விகிதத்தில் வரி கட்டுகிறார்களா என்று கேட்போம்.

பொதுத்தொண்டில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. ஓர் ஆலையிலோ, துறைமுகத்திலோ, ஆஸ்பத்திரியிலோ கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் எழும்போது, 'இவர்கள் ஏற்கெனவே வாங்குவது போதாதா?' என்ற குரல் முதலில் கிளம்பும். அது பேஸ்பால் முதலாளிகள் நூறு வருஷத்துக்கு மேலாக வாசித்துவரும் அதே பல்லவி. 90,000 டாலர் வாங்கிய ஃப்ளட்டின் நியாயத்தை அந்தக் கூச்சலில் கேட்கத் தவறிய ஜனங்கள், 11,000 டாலர் வாங்கிய சிறு கழக வாலிபனின் நியாயத்தையும் கேட்கத் தவறினார்கள். கூலியின் அளவைக் கண்டு நியாயத்தை அளக்கத் தொடங்கினால், பெரிய கூலிக்காரனுக்கும் நீதி கிடைக்காது. சிறிய கூலிக்காரனுக்கும் கிடைக்காது. ஆகவே அடுத்த தடவை பேராசை என்ற சொல் காதில் விழும்போது, அதைச் சொல்பவர் யார், அவருடைய கணக்குப் புத்தகம் எங்கே என்று முதலில் கேளுங்கள்.